பதினோராவது பந்து

செங்கோடன் என்னும் மின்வாரிய லைன் மிஸ்திரிக்கு மணி குறித்து வைக்கும் பழக்கம் உண்டு. சட்டைப் பையில் சிறிய நோட்டு ஒன்றும், காதிடுக்கில் கட்டைப் பென்சில் ஒன்றும் எந்நேரமும் இருக்கும். கோபுரத்தில் ஏறினால் ஏறிய நேரம், இறங்கினால் இறங்கிய நேரம், ஆட்கள் தேநீர் குடிக்கப் போனால் அந்த நேரம் என எல்லாம் அதில் ஏறிவிடும். வயது நாற்பத்து நான்கு. திருச்செங்கோட்டுக்காரர். வெற்றிலை போடுவார், புகைக்க மாட்டார். பேய், பிசாசு என்று எவரேனும் பேச்செடுத்தால், வேலை கெடுகிறது என்று சொல்லி எழுந்து போய்விடுவார். இங்கே வரும் நேரங்கள் யாவும் அந்த நோட்டில் அவர் கைப்படக் குறித்தவை. அவற்றுள் ஒன்றைக்கூட மாற்றவில்லை. இது நடந்தது. நடந்தது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்றாம் ஆண்டு, பிப்ரவரி மாதம். பனமரத்துப்பட்டி ஏரிக்கு அப்பால் எதிரெதிரே இரண்டு குன்றுகள். இரண்டின் உச்சியிலும் ஒவ்வோர் இரும்புக் கோபுரம். இடையே ஐந்நூற்று நாற்பது மீட்டர் தூரம் உயர் அழுத்த மின்கம்பிகள் அந்தரத்தில் சென்றன. கீழே பருத்த கம்பிகள் மூன்று. அவற்றுக்கு மேலே, இடியைத் தாங்குவதற்காக, விரல் பருமனில் ஒற்றைக் கம்பி. கீழ்க்கம்பிகள் மூன்றும் தொலைவிலிருந்தே கண்ணில் படும். மேலே உள்ள நான்காவது, கிட்ட வந்தாலும் தெரியாது. ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில், இராணுவ ஹெலிகாப்டர் ஒன்று அந்த நான்காவது கம்பியில்தான் மோதி விழுந்தது. இருந்தவர் இருவர், இறந்தவர் ஒருவர். செங்கோடன் அப்போது வேறு பகுதியில் வேலை பார்த்தார். விபத்து நடந்த செய்தியன்றி வேறொன்றும் அவருக்குத் தெரியாது.

முன்னே இருப்பதை அறிந்து எச்சரிக்கும் கருவி எதுவும் அந்த ஹெலிகாப்டர்களில் இல்லை. விமானியின் கண்ணே கருவி. கண்ணுக்குத் தெரியாத கம்பியைக் கண்ணுக்குக் காட்டுவதற்கு இருந்த உபாயம் பந்து. ஆரஞ்சு நிறம், இரண்டடி அகலம், ஃபைபர் என்னும் கண்ணாடி நாரில் வார்த்தது. இரண்டு அரைப்பகுதிகளாக வரும். கம்பியை நடுவில் வைத்து இரண்டையும் சேர்த்துப் போல்ட் போட்டு முறுக்கினால், வானில் தொங்கும் பழம்போலத் தெரியும். மேல்கம்பியில் அத்தகைய பந்துகள் பதினொன்று மாட்ட வேண்டும் என்பது உத்தரவு. ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை முதல், இரண்டு மாதங்களுக்கு வாரந்தோறும், புதிய விமானிகள் அந்தப் பள்ளத்தாக்கில் தாழப் பறந்து பழகப் போகிறார்கள். பந்துகள் பதினொன்றும் மாட்டியாயிற்று என்று மிஸ்திரி கையெழுத்திட்ட கடிதம், ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை மாலைக்குள் மின்வாரிய அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

சாமான்களை வைக்க அங்கே கொட்டகை கிடையாது. ஆகவே பந்துகளைக் குன்றின் அடிவாரத்தில் இருந்த தம் தமக்கை ஆத்தாயியின் மாட்டுத் தொழுவத்தில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார் செங்கோடன். இரண்டு கோபுரங்களிலிருந்தும் ஐந்தைந்தாக மாட்டிக்கொண்டு வந்து, நடுவில் ஒன்றோடு முடிப்பது அவர் முறை. வெள்ளிக்கிழமை பிற்பகல் 2.40-க்குப் பத்து முடிந்தது. கடைசிப் பந்தை எடுக்கத் தொழுவத்துக்குப் போனார். சாக்கடியில் பாதிப் பந்துதான் இருந்தது. மறுபாதி எருமையின் காலடியில், மூன்று துண்டாகக் கிடந்தது.

“ஏனுங்கக்கா, இதென்னங்க?”

“அத ஏஞ்சாமி கேக்கற? பருத்திக்கொட்டை ஊறப் போடறதுக்கு அத்தனை வாகா இருந்துது. இந்த மூதேவி எருமை ஒரே மிதி. சர்க்காரு சட்டின்னு அதுக்குத் தெரியுமா?”

“சட்டி இல்லீங்கக்கா. பந்து.”

“சேத்து வெச்சா பந்து. பிரிச்சு வெச்சா சட்டிதான? ஒண்ணு கொறஞ்சா என்ன சாமி, குடியா முழுகிப் போகும்?”

செங்கோடன் துண்டுகளைப் பொறுக்கினார். புதியது சென்னையிலிருந்து வர மூன்று வாரமாகும். அதற்கு, உடைந்தது எப்படி என்று எழுதித் தர வேண்டும். அரசாங்கச் சாமானை அக்காள் வீட்டு எருமைக்குத் தொட்டியாக்கிய மிஸ்திரி என்று ஊர் சிரிக்கும். பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்த லைன் இன்ஸ்பெக்டர் பதவி அடுத்த மாதம் வருவதாக இருந்தது. அதுவும் போகும்.

கயிறு இழுக்கும் காத்தான் தலையைச் சொறிந்தான். “பத்துப் போதாதுங்களா மிஸ்திரி? ஆகாசத்துல போறவன் நின்னு எண்ணிப் பாத்துட்டா போவான்?”

மாலை 4.15-க்குச் செங்கோடன் கடிதத்தில் பதினொன்று என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினார். நடுவில் மட்டும் தொண்ணூறு மீட்டர் வெறுங்கம்பி, எவர் கண்ணுக்கும் தெரியாமல் இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. மாலை ஏரிக்கரை வழியாகச் சைக்கிளில் வந்தவர், பழக்கத்தால் தலையை உயர்த்திப் பார்த்தார். மேற்கே சாயும் வெயிலில் பந்துகள் ஒளிவிட்டுக்கொண்டிருந்தன. ஒரு காலைத் தரையில் ஊன்றி எண்ணினார். பிறகு சைக்கிளை நிறுத்திவிட்டு எண்ணினார். வலப்பக்கத்திலிருந்து எண்ணினார், இடப்பக்கத்திலிருந்தும் எண்ணினார். நோட்டை எடுத்து எழுதினார்: 5.44. பதினொன்று.

காற்று அசையவில்லை. எங்கிருந்தோ மண்ணெண்ணெய் நாற்றம் வந்தது. சுற்றிலும் ஒரு வீடு கிடையாது.

பின்னால் கயிற்றுச் சுருளோடு காத்தான் நடந்து வந்தான்.

“காத்தா, எண்ணு.”

அவன் விரல் நீட்டி எண்ணினான். சிரித்தான். “பதினொண்ணுங்க. நேத்துப் பத்துத்தானுங்களே நான் கட்டி மேல அனுப்பினேன்? ஒரு ராத்திரியில குட்டி போட்டிருச்சுங்களா?” பிறகு அவன் சிரிப்பு மெல்ல அடங்கிற்று. “மிஸ்திரி... நடுவுல இருக்கறது கொஞ்சம் சின்னதா இல்லீங்களா?”

இருவரும் பார்த்துக்கொண்டே நின்றனர். சூரியன் குன்றின் விளிம்பைத் தொட்டபோது கண் கூசிற்று. இமைத்துப் பார்த்தால் நடுவில் ஒன்றும் இல்லை. 5.53. பத்து.

“பருந்தாட்டம் இருக்குதுங்க,” என்றான் காத்தான். குரலில் உறுதி இல்லை.

“பருந்துதான்,” என்றார் செங்கோடன். எழுதிய பதினொன்றை அவர் அடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆலைகளுக்கு விடுமுறை. மின்சாரத்தை நிறுத்தி வைக்கச் சொன்னால் எவரும் முகம் சுளிக்க மாட்டார்கள். துணை மின்நிலையத்தில் இருந்த வெள்ளியங்கிரியைத் தொலைபேசியில் அழைத்து, போல்ட் முறுக்கம் பார்க்க வேண்டும் என்றார்.

“ஞாயித்துக்கெழமையுமா? உங்க ஊட்டுல உள்ள சேக்க மாட்டேங்கறாங்களா மிஸ்திரி?” என்று கேலி செய்துவிட்டு, வெள்ளியங்கிரி லைனில் மின்சாரத்தை நிறுத்தினார்.

மாலை 5.08-க்குச் செங்கோடன் கிழக்குக் கோபுரத்தில் ஏறினார். மேல்கம்பியில் செல்வதற்குக் கம்பிச் சைக்கிள் என்று ஒன்று உண்டு. இரண்டு உருளைகள் கம்பியின்மேல் ஓடும். அவற்றிலிருந்து தொங்கும் பலகையில் அமர்ந்து, கையால் கம்பியை இழுத்து இழுத்து முன்னேற வேண்டும். பந்து வந்தால் முன் உருளையைக் கழற்றிப் பந்துக்கு அப்பால் மாட்டி, அதன் பின்னரே பின் உருளையை மாற்ற வேண்டும். இடுப்பில் கயிறு இருந்தது. காத்தான் கோபுரத்தடியில் நின்றான். கீழே ஏரி, கரையோரச் சேற்றில் கொக்குகள்.

முதல் பந்து 5.19. போல்ட் இறுக்கமாக இருந்தது. இரண்டாவது 5.26. மூன்றாவது 5.33. அதன்மேல் கை வைத்தபோது விரலில் எண்ணெய்ப் பசை ஒட்டிற்று. முகர்ந்து பார்த்தார். மண்ணெண்ணெய். அவர்கள் மண்ணெண்ணெய் கொண்டு வந்ததே இல்லை.

நான்காவது, 5.39.

ஐந்தாவது, 5.46. அதைக் கடந்து நிமிர்ந்தார்.

நடுவில் இருந்தது.

பருந்து அன்று. பந்தும் அன்று. கம்பியின்மேல், பிடிப்பு எதுவுமின்றி, ஒரு தலைக்கவசம் நின்றது. விமானிகள் அணிவது. அதன் முதுகுப்புறம் அவரை நோக்கி இருந்தது. ஆரஞ்சு வண்ணம் ஓரிடத்தில் சுரண்டப்பட்டு, உள்ளே வெள்ளை தெரிந்தது.

திரும்பிவிடலாம் என்று நினைத்தார். ஆனால், கைகள் கம்பியை இழுத்துக்கொண்டே இருந்தன. முப்பதடி... இருபதடி... பத்தடி...

தப்... தப்... தப்...

தம் நெஞ்சுதான் அடித்துக்கொள்கிறது என்று எண்ணினார்.

தப். தப். தப். தப்.

ஒலி பள்ளத்தாக்கின் அடியிலிருந்து வந்தது. வளர்ந்தது. காது அடைத்தது. கீழே பார்த்தார். வானம் வெறுமையாக இருந்தது. தண்ணீரில் ஓர் அலை இல்லை. அத்தனை இரைச்சலிலும் கொக்குகள் ஒன்றுகூட அசையவில்லை...

ஒலி அவரை ஊடுருவிச் சென்றது.

நின்றது.

“எத்தனை?”

காதருகே. இரும்புக் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோன்ற கரகரத்த குரல்.

செங்கோடனின் வாய் தானாகத் திறந்தது. “பதினொண்ணுங்க.”

தலைக்கவசம் மெல்லத் திரும்பிற்று.

முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கண்ணாடி. அதில் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தது. கம்பி தெரிந்தது. இந்தப் பக்கம் ஐந்து பந்து. அந்தப் பக்கம் ஐந்து பந்து. நடுவே கம்பிச் சைக்கிளும் தெரிந்தது...

பலகையில் எவரும் இல்லை.

5.52.

அவர் கண்களை இறுக மூடினார். திறந்தபோது முன்னே வெறுங்கம்பி. அது மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தது. அந்த அதிர்வு மேற்குக் கோபுரம்வரை ஓடிப் போய், திரும்பி வந்து, அவர் உள்ளங்கையில் முடிந்தது.

கோபுரத்திலிருந்து இறங்கியபோது 6.31. மேலே போய் வந்தவரைவிட, கீழே நின்ற காத்தான் அதிகமாக வெளிறிப்போயிருந்தான்.

“யாருகிட்டங்க பேசிட்டு இருந்தீங்க?”

“சத்தம் கேட்டயா?”

“ஒரு சத்தமும் இல்லீங்க. ஆனா... உங்களுக்கு எதுத்தாப்பல இன்னொருத்தரு ஒக்காந்திருந்தாப்பல இருந்துதுங்க.”

அன்றிரவு செங்கோடன் தமக்கை வீட்டில் தங்கினார், உறங்கவில்லை. திங்கட்கிழமை காலை ஏழு மணியளவில் ஹெலிகாப்டர் வரும். பனமரத்துப்பட்டி அஞ்சலகத்தில் தொலைபேசி உண்டு. போஸ்ட்மாஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டி, ஒரே ஒரு செய்தி சொன்னால் போதும். இரண்டு முறை செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனார். இரண்டு முறையும் திரும்பினார். ஒன்று குறைந்தால் என்ன என்ற தமக்கையின் சொல்லைத் தமக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். தாமே நம்பவில்லை.

விடியலில் ஏரியின்மேல் மூடுபனி வெண்சுவராக நின்றது. கரையில் நின்றபடி அண்ணாந்து பார்த்தார். குன்று தெரியவில்லை, கோபுரம் தெரியவில்லை, ஒரு பந்தும் தெரியவில்லை. இந்தப் பனியில் வர மாட்டார்கள் என்று காத்தானிடம் சொன்னார். சொல்லி வாய் மூடுமுன் 6.58-க்கு ஒலி கேட்டது. இம்முறை கொக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து பறந்தன.

ஹெலிகாப்டர் ஏறக்குறைய கம்பியின் உயரத்தில் தாழ வந்தது. நேராக, இரண்டு குன்றுகளுக்கும் நட்டநடுவே.

“மேல போ! மேல போ சாமி!” செங்கோடன் தோளில் கிடந்த துண்டை உருவி வீசினார். அந்த இரைச்சலில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

ஹெலிகாப்டர் பனிக்குள் புகுந்தது.

ஒன்று... இரண்டு... மூன்று...

திடீரென்று இயந்திரத்தின் ஒலி மாறி, அலறி, உயரே ஏறிற்று. ஏறி, அப்பால் போயிற்று. செங்கோடன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வட்டமடித்துத் திரும்பி, 7.09-க்குக் கரையை ஒட்டிய வெற்று நிலத்தில், அதே மண்ணெண்ணெய் நாற்றம் வீச, அது இறங்கிற்று. இளைஞர் ஒருவர் முதலில் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் இறங்கியவர் காதோரம் நரைத்தவர். அவர் பெயர் மேஜர் மயில்சாமி. ஜலகண்டாபுரத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர் என்பது பிறகு தெரிந்தது.

“பந்து மாட்டின மிஸ்திரி யாருங்க?”

செங்கோடன் எழுந்தார். “நானுங்க.”

மேஜர் வந்து அவருடைய இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். “நீங்க நல்லா இருக்கோணும். பனியில ஒரு எழவும் தெரியலைங்க. நடுவுல இருந்த அந்த ஒண்ணு மட்டும் பளிச்சுன்னு முன்னால வந்துது. அதப் பாத்துத்தான் தூக்கினோம். இல்லீன்னா இந்நேரம் எங்களப் பொறுக்கிட்டு இருப்பீங்க.”

காத்தான் வாயைத் திறந்தான். செங்கோடன் அவனைப் பார்த்ததும் மூடிக்கொண்டான்.

“ஏழு வருசத்துக்கு முன்னால இதே கம்பிதானுங்க,” என்றார் மேஜர். “அன்னைக்கும் நான் இருந்தேன். ஓட்டினவரு எனக்கு மேலதிகாரி. நான் பக்கத்துல. பொழைச்சது நான் ஒருத்தன்தான். சாயங்காலம், அஞ்சு அம்பத்திரண்டு.”

செங்கோடனின் கை தானாகச் சட்டைப் பையின்மேல் சென்றது.

“கம்பி தெரிஞ்சுது. ஆகாசத்துல இருக்கறப்ப நாங்க இங்கிலீஷ்லதான் பேசிக்குவோம். அவருக்குத் தாய்பாஷை தமிழ். அந்த நேரத்துல தமிழ்ல கேட்டுட்டாரு.”

“என்னன்னு கேட்டாருங்க?”

“எத்தனைன்னு.”

மேஜர் மூன்று விரல்களைக் காட்டினார்.

“மூணுன்னு சொன்னேன். என்ர கண்ணுக்கு மூணுதான் தெரிஞ்சுது. என்னை நம்பி, மூணுக்கும் மேல தூக்கிட்டாரு. நாலு இருந்துதுங்க. அவரு ஒடம்பு கெடச்சுது. தலையில போட்டிருந்தது மட்டும் ஏரியெல்லாம் வலை போட்டுத் தேடியும் கெடைக்கல. அது போகட்டுமுங்க. அடுத்த திங்கக்கெழமை நாலு பசங்களக் கூட்டிட்டு வாரேன். எல்லாம் இருவது, இருவத்தொண்ணு வயசுப் பசங்க. உங்க பந்து இருக்குது, எனக்கு இனி பயமில்லை.”

அவர் கம்பிக்கு முதுகு காட்டி நின்றார். அவருக்குப் பின்னால் பனி கலைந்துகொண்டிருந்தது. கிழக்குப் பக்கத்தில் முதல் பந்து வெளிப்பட்டது. பிறகு இரண்டாவது, மூன்றாவது... மேற்குப் பக்கத்திலும் ஐந்து. நடுவில் வெயில் மட்டும் இருந்தது.

காத்தான் நெருங்கி வந்து செங்கோடனின் காதில் கிசுகிசுத்தான். “சும்மா இருங்க மிஸ்திரி. ரெண்டு நாள் கழிச்சு, காத்துல ஒண்ணு விழுந்துருச்சுன்னு சொல்லிக்கலாமுங்க.”

அதுவும் நடக்கக்கூடியதே. கடிதத்தில் பதினொன்று, பார்த்த விமானியும் நடுவில் இருந்தது என்கிறார். இனி எவரும் எதுவும் கேட்கப் போவதில்லை. அடுத்த மாதம் பதவி வரும். அடுத்த திங்கட்கிழமை பனியும் வரும். அன்றும் அந்த இடத்தில் ஏதேனும் இருக்குமா, இராதா என்பதை எவராலும் சொல்ல இயலாது.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற இளைஞர், இன்னும் முகம் துடைத்துக்கொண்டிருந்தார். மீசை சரியாக முளைக்கவில்லை.

“பத்துத்தானுங்க,” என்றார் செங்கோடன்.

மேஜர் புரியாமல் பார்த்தார்.

“நடுவுல நான் ஒண்ணும் மாட்டலீங்க. ஒண்ணு ஒடஞ்சு போச்சு. பதினொண்ணுன்னு பொய் எழுதிக் குடுத்துட்டேன். புதுசு வந்து, நான் மேல போய் மாட்டற வரைக்கும் இந்தப் பக்கம் யாரும் பறக்க வேண்டாமுங்க. ஆபீஸ் தெறந்ததும் நானே போய் எழுதிக் குடுத்தர்றேன்.”